கொய்யாத் துண்டு யாருக்கு மருந்து?

பத்து கிராம் கொய்யா என்பது கட்டைவிரல் நுனியைவிடச் சற்றுப் பெரிய துண்டு. அதைக் கினிப்பன்றிக்குக் கொடுத்தால் அன்றைக்குத் தேவையான வைட்டமின் சி கிடைத்துவிடும். அதே துண்டை டெகுவுக்குத் தினமும் கொடுத்துவந்தால் நாளடைவில் சர்க்கரை நோய் வரலாம், அதன் பின்னாலேயே கண்புரையும் வரலாம். இத்தனைக்கும் இரண்டும் உறவுக்காரப் பிராணிகள். இரண்டின் பூர்வீகமும் தென் அமெரிக்கா. இரண்டும் புல் தின்னும் கொறித்துண்ணிகள். இரண்டுக்கும் பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். இரண்டின் குட்டிகளும் கண் திறந்தபடி, உடம்பு நிறைய மயிரோடு பிறக்கும். எதை வளர்க்கலாம் என்ற கேள்விக்கு அழகையும் விலையையும் பார்த்துப் பதில் சொல்வதைவிட, இந்தக் கொய்யாத் துண்டிலிருந்து தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன்.

சென்னைப் புறநகரில் செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் நாய்க்கு இடமில்லை, பூனைக்கு அம்மாவின் சம்மதமில்லை என்று ஆகும்போது பிள்ளைகளின் ஆசை சின்னப் பிராணிகள் பக்கம் திரும்புகிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் புறா, லவ் பேர்ட்ஸ், முயல் கூண்டுகளுக்கு நடுவே ‘கினி பிக்’ ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருக்கும். வால் கிடையாது, கழுத்தும் இருப்பதாகத் தெரியாது. ஒரு கிலோவுக்கு முன்பின் வளரும் உருண்டை உடம்பு. டெகுவைப் பிள்ளைகள் பார்ப்பது யூடியூபில்தான். நம் அணிலைவிடப் பெரியது, பழுப்பு நிறம், பெரிய காது, நுனியில் கறுப்புக் குஞ்சம் வைத்த வால். 1782-ல் அதற்கு அறிவியல் பெயர் வைத்த மொலினா என்ற சிலி நாட்டுப் பாதிரியாரே அதை அணில் இனத்தில்தான் சேர்த்தார்.

முதலில் கினிப்பன்றி. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தங்கள் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. குளுக்கோஸில் தொடங்கும் வேலையை நொதிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிச் செய்துகொண்டே போக, கடைசி நொதி அதை வைட்டமினாக முடித்துவைக்கும். ஆடு, மாடு, நாய், பூனை, எலி, முயல் எல்லாவற்றுக்கும் இது கைவந்த வேலை. கினிப்பன்றியிடம் அந்தக் கடைசி நொதிக்கான மரபணு பழுதாகிக் கிடக்கிறது. மனிதரிடமும் அதே மரபணுதான் பழுது. நம் முன்னோர்களிடம் ஒரு காலத்திலும் கினிப்பன்றியின் முன்னோர்களிடம் வேறொரு காலத்திலும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நேர்ந்த பழுது இது.

நாம் இருவர் மட்டும் இல்லை. கல்கத்தாவில் ராய், குஹா என்ற இரு ஆய்வாளர்கள் எந்தெந்த உயிர்களுக்கு இந்தத் திறன் இருக்கிறது என்று தேடிப் பார்த்து 1958-ல் எழுதினார்கள். திறன் இல்லாதவை என்று அவர்கள் கண்டவற்றில் பழந்தின்னி வௌவாலும், வாலடியில் சிவப்புள்ள நம் சின்னான் குருவியும் உண்டு. செம்பாக்கத்தில் ஏதாவது ஒரு வீட்டுக் கொய்யா மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் சின்னான் கொத்துகிறது. இரவில் வௌவால் வருகிறது. மிச்சத்தைக் குழந்தை பறித்துக் கடித்துவிட்டு ஒரு துண்டைக் கூண்டுக்குள் நீட்டுகிறது. நான்கு உயிர்களுக்கும் குறை ஒன்று, மருந்தும் ஒன்று. இதை முதன்முதலில் படித்த நாளிலிருந்து சின்னான் பழம் கொத்துவதை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

கினிப்பன்றிக்கு இந்தக் குறை இருப்பது தெரியவந்ததே தற்செயலாகத்தான். 1907-ல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் கப்பல் மாலுமிகளுக்கு வரும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்து, பெரிபெரி வருகிறதா என்று காத்திருந்தார்கள். வந்தது ஸ்கர்வி. ஈறில் ரத்தம், வீங்கிய மூட்டுகள், இற்றுப்போன எலும்பு. முட்டைக்கோஸும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தபோது குணமானது. அவர்கள் கினிப்பன்றிக்குப் பதிலாக எலியை எடுத்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது, ஏனென்றால் எலி தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளும். கால் நூற்றாண்டு கழித்து, 1930-களின் தொடக்கத்தில், ஹங்கேரியின் செகெட் நகரில் ஆல்பர்ட் செயின்ட்-ஜார்ஜி தன்னிடமிருந்த பொருள்தான் வைட்டமின் சி என்று நிரூபித்ததும் கினிப்பன்றிகளை வைத்துத்தான். அதைக் கிலோக் கணக்கில் பிரித்தெடுக்க அவருக்குக் கைகொடுத்தது அந்த ஊர் மிளகாய். நம் காய்கறிக் கடைக் குடைமிளகாயும் அதே இனம்தான். 1937-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வீட்டுக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. கடைகளில் பல சமயம் கினிப்பன்றிக்கென்று கட்டிக் கொடுப்பது முயல் தீவனம். முயலுக்கு வைட்டமின் சி தேவையில்லை, அதனால் அந்தத் தீவனத்தில் சேர்த்திருக்க மாட்டார்கள். கினிப்பன்றிக்கென்றே தயாரான தீவனத்தில் சேர்த்திருந்தாலும், வெக்கையும் ஈரக்காற்றும் சேர்ந்த நம் ஊரில் பிரித்துவைத்த பையிலிருந்து அது வேகமாக அழிந்துவிடும். வைட்டமின் நின்றுபோனால் இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியும். மயிர் மினுமினுப்பை இழந்து சிலிர்த்து நிற்கும். பிராணி நகர மனமில்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். தூக்கினால் வலியில் கத்தும். இதைப் பலர் ‘சோம்பேறிப் பிராணி’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தவறில்தான் பல கினிப்பன்றிகள் செத்துப்போகின்றன.

உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் பத்து முதல் முப்பது மில்லிகிராம் வைட்டமின் சி போதும். நூறு கிராம் கொய்யாவில் சுமார் இருநூறு மில்லிகிராம் இருக்கிறது, ஆகவே பத்து கிராமில் இருபது. குடைமிளகாய் இன்னும் நல்லது, ஏனென்றால் அதில் சர்க்கரை குறைவு. நெல்லிக்காயில் வைட்டமின் கொட்டிக் கிடந்தாலும் புளிப்பும் துவர்ப்பும் எல்லாக் கினிப்பன்றிக்கும் பிடிப்பதில்லை. முருங்கைக்கீரையில் வைட்டமினோடு சுண்ணாம்புச் சத்தும் மிக அதிகம். தினமும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாக இடம் தருவோம், வாரத்தில் ஓரிரு நாள் ஒரு கொத்து போதும். வளர்ந்த பிராணிக்குக் குதிரைமசாலைத் தவிர்ப்பதும் இதனால்தான். சாப்பாட்டின் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும். காய்ந்த புல்லை எந்நேரமும் கூண்டில் போட்டுவைக்க வேண்டும், கிடைக்கும்போது மருந்தடிக்காத அருகம்புல்லும் தரலாம். நாளெல்லாம் அரைத்துக்கொண்டே இருந்தால்தான் வளரும் பல் தேயும்.

ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தமோ கீரைப் பை கசங்கும் சத்தமோ கேட்டால் போதும், கினிப்பன்றி முன்னங்காலைக் கம்பியில் வைத்து எழுந்து நின்று, ‘வீக், வீக்’ என்று வீடே கேட்கும்படி கத்தும். காட்டில் அதன் உறவினங்கள் இப்படிக் கத்திக் கீரை கேட்பதில்லை. மனிதரோடு சில ஆயிரம் ஆண்டு வாழ்ந்த பழக்கம் அது. ஆண்டிஸ் மலைவாசிகள் அதை இறைச்சிக்காக வளர்த்தார்கள், இன்றும் வளர்க்கிறார்கள். பெருவின் குஸ்கோ பேராலயத்தில் உள்ள பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில் இயேசுவின் கடைசி இரவு உணவுத் தட்டிலேயே அது இருக்கிறது என்பார்கள். அந்த நெடுங்காலப் பழக்கத்தால்தான் கினிப்பன்றி கடிப்பது அரிது. பயந்தாலும் உறைந்து நிற்கும் அல்லது ஓடி ஒளியும்.

சென்னைக்கும் கினிப்பன்றிக்கும் சந்தையைத் தாண்டிய உறவு ஒன்று உண்டு. செம்பாக்கத்துக்காரர்கள் அடிக்கடி கடந்துபோகும் தாம்பரம் சானடோரியம், 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால் பெயர்பெற்ற இடம். காசநோய்க் கிருமி கினிப்பன்றியை மிக எளிதில் தாக்கும். அதனால் ஒரு காலத்தில் உலகெங்கும் நோயை உறுதிசெய்ய, நோயாளியின் சளியை அதற்குச் செலுத்திச் சில வாரம் காத்திருப்பார்கள். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கு சிகிச்சை பெற்ற தென்னிந்திய நோயாளிகளின் கிருமிகளையும் பிரிட்டன் நோயாளிகளின் கிருமிகளையும் டெனிஸ் மிட்சிசன் குழுவினர் கினிப்பன்றிகளில் ஒப்பிட்டு 1960-ல் வெளியிட்டார்கள். நம் பக்கத்துக் கிருமிகளில் பல, கினிப்பன்றிகளிடம் வீரியம் குறைந்தே இருந்தன. மனிதரைக் கடுமையாக நோய்ப்படுத்தும் கிருமி ஒரு பிராணியிடம் ஏன் அடங்கி நடக்கிறது என்ற கேள்வி, காசநோய்க் கிருமி எல்லா ஊரிலும் ஒன்றல்ல என்பதை மருத்துவ உலகத்துக்குக் காட்டியது. பெயரில்லாத பல கினிப்பன்றிகளின் உயிர் அந்தக் கண்டுபிடிப்பில் இருக்கிறது.

இனி டெகு. இங்கே கதை வைட்டமினை விட்டு இன்சுலினுக்குப் போகிறது. மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றியின் இன்சுலின் அதிலிருந்து ஒரே ஒரு இடத்தில் வேறுபடுகிறது, பல பத்தாண்டுகள் சர்க்கரை நோயாளிகளைக் காப்பாற்றியது அதுதான். கினிப்பன்றியின் இன்சுலினோ பதினைந்துக்கும் மேற்பட்ட இடங்களில் மாறிப்போயிருக்கிறது. டெகுவின் இன்சுலினும் இதே வழியில் விலகியது. இருவரின் இன்சுலினும் மற்றப் பாலூட்டிகளின் இன்சுலினோடு ஒப்பிட்டால் வலு மிகக் குறைந்தது.

இந்த விலகல் அறிவியலுக்கு இரண்டு விதமாக வேலை செய்தது. ஒன்று, மாட்டின் இன்சுலினோ பன்றியின் இன்சுலினோ கினிப்பன்றிக்கு முற்றிலும் அந்நியம் என்பதால், அதன் உடல் அவற்றை எதிர்த்து வலுவான எதிர்ப்பொருளை உண்டாக்கும். அந்த எதிர்ப்பொருளைப் பயன்படுத்தித்தான் ராஸலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ரத்தத்தில் இருக்கும் துளியளவு இன்சுலினை அளக்கும் முறையைக் கண்டார்கள். யாலோவுக்கு 1977-ல் நோபல் கிடைத்தது. இன்று லேப்பில் தைராய்டு ஹார்மோன் அளந்து சீட்டு தருகிறார்களே, அந்த வகைச் சோதனைகளுக்கெல்லாம் மூத்தது அது. இன்னொன்று, இத்தனை மாறிய புரதங்களைப் பார்த்துக் குழம்பிய ஆய்வாளர்கள் சிலர் 1990-களில், கினிப்பன்றி கொறித்துண்ணியே இல்லை என்று ‘நேச்சர்’ இதழில் வாதாடினார்கள். கூடுதல் மரபணுக்களை ஒப்பிட்ட பிறகு அந்த வாதம் நிற்கவில்லை. அது கொறித்துண்ணிதான், அதிலும் முள்ளம்பன்றியின் பக்கத்து உறவு. வண்டலூர்ப் பூங்காவுக்குப் போகிறவர்கள் முள்ளம்பன்றியை இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்க வேண்டும். கினிப்பன்றிக்கும் டெகுவுக்கும் பழைய உலகத்தில் மிஞ்சியிருக்கும் சில உறவுகளில் அது ஒன்று. இவற்றின் முன்னோர்கள் நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன், ஆற்று வெள்ளம் கடலுக்குள் தள்ளிய மரஞ்செடித் திட்டுகளில் ஏறி, அன்றைக்கு இன்னும் குறுகலாக இருந்த அட்லாண்டிக்கைக் கடந்து ஆப்பிரிக்காவிலிருந்து தென் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

வலு குறைந்த இன்சுலினோடு காட்டில் டெகுவுக்கு ஒரு குறையும் இல்லை. மத்திய சிலியின் வறண்ட புதர்க்காடுகளில் அதற்குக் கிடைப்பது புல், இலை, விதை, பட்டை. இனிப்பு என்று ஒன்று வாய்ப்பதே அபூர்வம். மனிதர் வீட்டில்தான் சிக்கல் வருகிறது. பழமும் கேரட்டும் பிஸ்கட்டும் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அதன் கண்வில்லையில் சர்க்கரையை வேறொரு பொருளாக மாற்றும் நொதி மிகச் சுறுசுறுப்பானது. மாறிய பொருள் வில்லையை விட்டு வெளியேற முடியாமல் தங்கித் தண்ணீரை உள்ளே இழுக்கும். கண் வெளுத்துப்போகும். குழந்தை அன்போடு நீட்டும் ஒவ்வொரு ஆப்பிள் துண்டும் அதன் பார்வையில் கைவைக்கிறது. பழம் கொடுக்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம். வீட்டுக்கு வந்துபோகும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்பதுதான் என் கவலை.

ஆனால் டெகு வியக்கவைக்கும் பிராணி. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி அதற்குத் தெரியும். டெகுக்கள் சிறுநீர் விட்டு அடையாளம் வைத்த இடம், ஈரம் காயும்வரை அந்த ஒளியைப் பளிச்சென்று திருப்பி அனுப்பும். யார் எப்போது அந்தப் பாதையில் போனார்கள் என்பது அவற்றுக்கு மூக்கால் மட்டுமல்லாமல் கண்ணாலும் தெரியக்கூடும் என்று சிலி ஆய்வாளர்கள் 2003-ல் எழுதினார்கள். 2008-ல் ஜப்பானின் ரிகென் நிறுவனத்தில் டெகுக்களுக்குச் சின்ன வாருகோல் கொடுத்து, வேலிக்கு அப்பால் இருக்கும் சூரியகாந்தி விதையை இழுத்து எடுக்கப் பழக்கினார்கள். பழகியவை கோலின் அளவும் நிறமும் மாறினாலும் பயன்படும் கோலைத் தேர்ந்தெடுத்தன. டெகு பகலில் விழித்திருக்கும் பிராணி, ஆனால் ஓடுசக்கரம் வைத்தால் சில டெகுக்கள் இரவு வாழ்க்கைக்கு மாறிவிடுகின்றன. பெண்கள் ஒரே வளையில் குட்டி போட்டு ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுக்கும். வாலைப் பிடித்தால் மட்டும் வாலின் தோல் உறை கழன்று கையோடு வந்துவிடும். எதிரியிடமிருந்து தப்பும் வழி அது, வால் திரும்ப வளராது.

இவ்வளவும் தெரிந்த பிறகும், அல்லது தெரிந்ததால்தான், செம்பாக்கம் வீட்டுக்கு டெகு வேண்டாம் என்கிறேன். அதற்குத் தனியாக வாழத் தெரியாது, கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு உயரமான, பல தட்டு வைத்த இரும்புக் கூண்டு வேண்டும், பிளாஸ்டிக்கையும் மரத்தையும் கடித்துத் துளைத்துவிடும். குளிக்க உலர்ந்த மணல் வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நம் வீடுகளில் உப்பே கசிகிறது, மணலை உலர்வாக வைப்பது எப்படி? கோடையில் சிலியின் டெகுக்கள் உச்சிவேளையில் குளிர்ந்த வளைக்குள் இறங்கிவிடும், மூன்றாம் மாடி பிளாட்டில் இறங்க வளை இல்லை. டெகு பார்த்துப் பழகிய மருத்துவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து முறையாக வரும் பிராணி எதுவும் அனுமதிச் சீட்டோடு தனிமைப்படுத்தும் நிலையத்தைக் கடந்துதான் வர வேண்டும். தென்னிந்தியாவுக்கான அந்த மத்திய அரசு நிலையம் செம்பாக்கத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. காகிதம் இல்லாமல் யாராவது டெகு விற்கிறேன் என்றால், அது எந்த வழியில் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பைக்குள் சுருட்டிக் கொண்டுவரப்பட்ட பிராணிகள் பிடிபடும் செய்தி நமக்குப் புதிதல்ல.

கினிப்பன்றிக்கும் வெயில்தான் பெரிய எதிரி. மலைப்பகுதிக் குளிரில் உருவான உடம்பு, வியர்வை கிடையாது. பதினெட்டிலிருந்து இருபத்துநான்கு டிகிரி வரை சுகம், முப்பதைத் தாண்டினால் அவதி. இங்கேயே பிறந்து வளர்ந்தவை நிழலும் மின்விசிறியும் இருந்தால் பெரும்பாலான மாதங்களைத் தாங்கிவிடுகின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரை அப்படியில்லை. மொட்டை மாடிக்குக் கீழுள்ள மேல்தள வீட்டில், மே மாதப் பகலில், ஏசி இல்லாத அறையில் அதை வைத்துவிட்டு எல்லாரும் வேலைக்குப் போவதாக இருந்தால் வாங்காமல் இருப்பதே நல்லது. தரைத்தள வீடாக இருந்தால் குளிர்ச்சி கிடைக்கும், கூடவே மழையை நினைக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வீட்டுக்குள் வந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். கூண்டைச் சட்டென்று மேலே தூக்கி வைக்க ஓர் இடம் முன்கூட்டியே பார்த்துவையுங்கள். வெயில் நாட்களில் மண் ஓடு ஒன்றை நனைத்துப் போட்டால் அதன் மேல் படுத்துக்கொள்ளும். ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தால் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நீள மயிர் வகைகளை இந்த ஊரில் வளர்க்கவே கூடாது என்பது என் கருத்து.

உடம்பு சரியில்லை என்றால் குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப்பை ஒரு சொட்டுகூடக் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, நச்சுக் கிருமிக்கு இடம் விட்டு, சில நாளில் பிராணியையே கொன்றுவிடும். 1940-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலினை முதலில் சோதித்துப் பார்த்தது சுண்டெலிகளில். கினிப்பன்றியில் சோதித்திருந்தால் அந்த மருந்தை நச்சு என்று ஓரங்கட்டியிருக்கவும் கூடும்.

ஒன்றாக வாங்காதீர்கள், இரண்டாக வாங்குங்கள். சுவிட்சர்லாந்தில் கினிப்பன்றியைத் துணையில்லாமல் வளர்ப்பதைச் சட்டமே தடுக்கிறது. இரண்டுக்குக் குறைந்தது ஏழெட்டுச் சதுர அடித் தரை வேண்டும், உயரம் வேண்டியதில்லை. ஐந்திலிருந்து ஏழு ஆண்டு வாழும், ஆறாம் வகுப்பில் வாங்கிக் கொடுத்தால் பிளஸ் டூ பரீட்சை வரை கூடவே இருக்கும் என்பதை வாங்கும் முன் பெரியவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். கடையில் ‘ஜோடி’ என்று ஆணும் பெண்ணும் கட்டிக் கொடுப்பார்கள், அதை மறுத்துவிட்டு இரண்டு பெண்ணாகக் கேளுங்கள். பெண் ஒன்றரை மாதத்திலேயே சினைப்படக்கூடும். குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினையாகவும் முடியும். குட்டி பெரிய தலையோடு பிறப்பதால், பிரசவ நேரத்தில் தாயின் இடுப்பெலும்பு மூட்டு இளகி அகல வேண்டும். அப்படி இளக்கும் ரிலாக்ஸின் என்ற ஹார்மோனை 1926-ல் ஃபிரடெரிக் ஹிசா கண்டுபிடித்ததும் கினிப்பன்றியில்தான். முதல் குட்டி போடாமல் ஆறேழு மாதம் கடந்த பெண்ணுக்கு அந்த மூட்டு இறுகிவிடக்கூடும், பிறகு சினையானால் பிரசவத்தில் தாயும் குட்டிகளும் சாக நேரும். ஆகவே விற்பவரிடம் பிராணியைக் கையில் எடுத்துத் திருப்பி, ஆணா பெண்ணா என்று காட்டச் சொல்லுங்கள். ஆண்களோடு ஒரே கூண்டில் கிடந்த பெண்ணை வாங்கினால் அது ஏற்கெனவே சினையாக இருக்கலாம், சினைக்காலம் ஏறக்குறைய அறுபத்தைந்து நாள். அதுவரை வாராவாரம் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதிவையுங்கள், கொய்யாத் துண்டைச் சற்றுப் பெரிதாகவே நறுக்குங்கள்.